ஃபார்ச்சூன் ஹெட்: ஒரு புழு வளையில் தொடங்கும் காலம்

பூமியின் வரலாற்றைக் காலங்களாகப் பிரிக்கும் நிலவியலாளர்கள், ஒரு காலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை வெறும் ஆண்டுக் கணக்கால் மட்டும் சொல்லி விடுவதில்லை. உலகின் ஏதாவதொரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்து, அதில் குறிப்பிட்ட ஓர் அடுக்கையே எல்லையாக அறிவிப்பது அவர்கள் வழக்கம். அந்த அடுக்கை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ஓர் உயிரினத்தின் ஓடாகவோ பல்லாகவோ, எப்படியும் உடலின் ஏதாவதொரு பகுதியாக இருக்கும். சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கேம்பிரியன் காலத்தின் தொடக்கம் இதற்கு ஒரு விலக்கு. கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள ஃபார்ச்சூன் ஹெட் என்னும் கடல்முனையில் அந்த எல்லை இருக்கிறது. அங்கே எல்லைக்கல்லாக ஏற்கப்பட்டது, கடலடிச் சேற்றில் புழு போன்ற ஏதோ ஒரு விலங்கு குடைந்த வளை. அந்த விலங்கின் உடலில் ஒரு துணுக்குகூட அங்கே கிடைத்ததில்லை.

உடல் இல்லாமல் வெறும் வளையை நம்பி ஒரு காலத்தையே வகுக்கலாமா என்ற கேள்வி யாருக்கும் எழும். அந்தக் கேள்விக்கு விடை தேடினால் படிவுப்பாறை என்றால் என்ன, சுவட்டுப் புதைபடிவம் என்றால் என்ன என்ற இரண்டுமே விளங்கிவிடும். ஆகவே ஃபார்ச்சூன் ஹெட்டிலிருந்தே தொடங்குவோம்.

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் ப்யூரின் தீபகற்பம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில் ஃபார்ச்சூன் என்ற சிற்றூர் உள்ளது; எதிரே கடலில் தெரியும் சான் பியேர் தீவு இன்றும் பிரான்சுக்குச் சொந்தமானது என்பதால், ஊரிலிருந்து படகு ஏறினால் சிறிது நேரத்தில் வேறு நாட்டில் இறங்கலாம். ஊருக்கு அப்பால் ஒரு கலங்கரை விளக்கமும், அதன் கீழே அலை அறையும் பாறைச் செங்குத்தும் இருக்கின்றன. சாம்பலும் பச்சையும் கலந்த மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே சாய்ந்து கிடக்கின்றன. பார்வைக்கு அழகிய இடந்தான், ஆனால் முன்னறிவு இல்லாமல் போகிறவருக்கு இங்கே ஒரு யுகம் மாறியிருக்கிறது என்று காட்டும் எதுவும் கண்ணில் படாது. கறுப்பு வெள்ளை போலப் பளிச்சென்ற கோடு எதுவும் அந்தப் பாறையில் இல்லை.

அடுக்குகளைப் படிப்பது

ஆறும் அலையும் காற்றும் கொண்டுவந்து சேர்க்கும் மணல், வண்டல், களி ஆகியவை நீரடியில் படிந்து, மேலே மேலே சேரும் சுமையால் அழுந்தி, துகள்களுக்கிடையே ஊறும் கனிமங்களால் பிணைந்து இறுகும்போது படிவுப்பாறை உண்டாகிறது. எது முதலில் படிந்ததோ அது அடியில் இருக்கும்; பிறகு வந்தது அதன் மேல் இருக்கும். நிலநடுக்கமும் மலையெழுச்சியும் அடுக்குகளைப் புரட்டிப் போடாதவரை, அடியிலிருந்து மேலே ஏறுவது பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்கு நடப்பதற்குச் சமம். அடுக்குகள் சாய்ந்திருக்கும் கடற்கரையில் செங்குத்தில் ஏறவும் வேண்டியதில்லை. கரையோரமாக நடந்தாலே ஒவ்வோர் அடியும் மேலுள்ள அடுக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இப்படிப்பட்ட அடுக்குகளில், ஒரே தன்மையோடு தொடர்ந்து அமைந்து, வரைபடத்தில் தனியாகக் குறிக்கத் தக்க ஒரு தொகுப்பைப் பாறைத்தொகுதி என்கிறார்கள். அதற்கு ஓர் இடத்தின் பெயரைச் சூட்டுவது வழக்கம். ஃபார்ச்சூன் ஹெட்டில் வெளிப்பட்டு நிற்பது சாப்பல் ஐலண்ட் பாறைத்தொகுதி. முழுவதையும் அடுக்கி அளந்தால் சுமார் 1,000 மீட்டர் தடிமன் வரும். இதை ஐந்து பிரிவுகளாகப் பிரித்து அடியிலிருந்து எண்ணுகிறார்கள். முதற்பிரிவில் ஓதம் ஏறி இறங்கிய கரையோரத்தின் அடையாளங்கள் உள்ளன. இரண்டாவது, புயல் அடிக்கடி கலக்கிய ஆழம் குறைந்த கடலடி. மூன்றாவது, இன்னும் அமைதியான நீரில் மெல்லிய இழைகளாகப் படிந்த வண்டற்கல். அதற்கு மேலுள்ள பிரிவுகளில் சிவப்பும் பச்சையுமான களிக்கற்களும், சிறு ஓடுகள் அடங்கிய சுண்ணாம்புக்கல்லும், பின்னர் மறுபடி மணற்கல்லும் வருகின்றன. இந்தப் பகுதி அன்று வட அமெரிக்காவோடு சேர்ந்திருக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவலோனியா என்று அழைக்கப்படும் ஒரு சிறு நிலத்துண்டின் பாகமாகத் தென்கோளத்தில், கோண்டுவானாப் பெருநிலத்தின் ஓரத்தில் அது இருந்தது. வேல்சு, இங்கிலாந்து ஆகியவற்றின் சில பகுதிகளும் அதே துண்டைச் சேர்ந்தவை.

நமக்கு வேண்டியது இரண்டாம் பிரிவு. அதன் அடித்தளத்திலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில்தான் கேம்பிரியன் எல்லை வகுக்கப்பட்டது. ஓர் ஆள் கையை நீட்டித் தொடும் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

உடலும் சுவடும்

புதைபடிவம் என்றதும் எலும்பும் ஓடும் நினைவுக்கு வருகின்றன. இவை உடற்புதைபடிவங்கள். ஆனால் ஒரு விலங்கு தன் வாழ்நாளில் விட்டுச் செல்வது ஓர் உடலை மட்டுமே, சுவடுகளையோ ஆயிரக்கணக்கில் விட்டுச் செல்கிறது. நடந்த அடி, ஊர்ந்த கோடு, ஓய்ந்து படுத்த பள்ளம், தோண்டிய வளை, கடித்த தடம், கழித்த எச்சம் என்று எது கல்லாக மாறி எஞ்சினாலும் அது சுவட்டுப் புதைபடிவம். தான்சானியாவின் லாய்த்தோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த, 36 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித மூதாதையரின் காலடிகளும் சுவட்டுப் புதைபடிவங்களே. ஃபார்ச்சூன் ஹெட்டின் புழு வளைகளும் அதே இனத்தைச் சேர்ந்தவையே.

இரண்டுக்கும் இடையிலுள்ள முதன்மையான வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: உடல் என்பது பொருள், சுவடு என்பது செயல். இறந்த விலங்கின் ஓட்டை நீரோட்டம் பல கிலோமீட்டர் இழுத்துச் செல்லலாம். பழைய பாறை அரித்து, அதிலிருந்து கழன்ற ஓடு புதிய படிவில் கலந்து நம்மை ஏமாற்றவும் செய்யலாம். வளையை யாரும் அப்படித் தூக்கிச் செல்ல முடியாது. சேற்றை அசைத்தால் வளையே கலைந்துவிடும். ஆகவே ஓர் அடுக்கில் வளை இருக்கிறது என்றால், அந்த இடத்தில், அந்தச் சேறு இளகியிருந்த நாளில், ஒரு விலங்கு உயிரோடு இருந்து அதைத் தோண்டியது என்று துணிந்து சொல்லலாம். உடலில்லாத விலங்கை நம்புவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை என்பது என் எண்ணம். கெட்டியான ஓடோ எலும்போ இல்லாத மென்னுடல் விலங்குகள் செத்தால் அழுகி மறைந்துவிடும். அவை வாழ்ந்ததற்குச் சாட்சியாகப் பெரும்பாலும் அவற்றின் சுவடுகள் மட்டுமே கிடைக்கும்.

இதில் ஒரு விலையும் உண்டு. சுவடு செயலைக் காட்டுமே ஒழியச் செய்தவர் யார் என்று சொல்லாது. ஒரே நண்டு ஓடினால் ஒரு கோடு, நின்று மண்ணைக் கிளறினால் வேறொரு வடிவம், வளை தோண்டினால் இன்னொன்று. அதே சமயம் ஒன்றோடொன்று உறவே இல்லாத பல விலங்குகள் ஒரே வேலையைச் செய்யும்போது ஒரே மாதிரியான சுவட்டை விட்டுச் செல்லலாம். அதனால்தான் சுவடுகளுக்கென்று தனியாக லத்தீன் பெயர்கள் வைக்கிறார்கள். அந்தப் பெயர் சுவட்டின் வடிவத்துக்கு உரியது, விலங்குக்கு உரியதன்று. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான்: பெயரைக் கேட்டதும் அது ஒரு விலங்கினம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் அடால்ஃப் சைலாகர் 1953-ல் சுவடுகளை, அவற்றை விட்ட விலங்கு யார் என்பதை ஒதுக்கிவிட்டு, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை வைத்து வகைப்படுத்தினார். ஓய்ந்து கிடந்தது, ஊர்ந்து கடந்தது, மேய்ந்தது, மண்ணைத் தோண்டி இரை தேடியது, வளையில் குடியிருந்தது என்ற அவருடைய வகுப்புகள் இன்றுவரை பயன்படுகின்றன. அவர் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

இந்தத் துறை தொடக்கத்தில் ஒரு பெரிய பிழையிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. பாறையில் கிளைத்தும் வளைந்தும் கிடந்த வடிவங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் கடற்பாசிகளின் புதைபடிவங்கள் என்றே கருதினார்கள். சுவீடன் நாட்டுத் தொல்தாவரவியலாளர் ஆல்ஃபிரட் நாத்தோர்ஸ்ட், உயிருள்ள புழுக்களையும் வேறு சிறு விலங்குகளையும் ஈரமான பரப்பில் ஊரவிட்டு, அவை விட்ட தடங்களை வார்ப்பெடுத்து, அந்தக் ‘கடற்பாசிகள்’ பலவற்றோடு அவை ஒத்திருப்பதை 1881-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். செடிகளை ஆராய்பவரே இவை செடிகள் அல்ல என்று நிறுவியது பாராட்டத்தக்க நேர்மை. பிழை திருந்திய பிறகும் பெயர்கள் மாறவில்லை. ‘ஃபைக்கஸ்’, ‘ஃபைக்கோடிஸ்’ என்று முடியும் சுவட்டுப் பெயர்களில் இன்றும் ஒளிந்திருப்பது கடற்பாசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான்.

சேற்றுக் குழி கல்லில் புடைத்து நிற்பது எப்படி

வளை என்பது வெற்றிடம். வெற்றிடம் எப்படிக் கல்லாகும்? ஃபார்ச்சூன் ஹெட்டில் அதற்கு உதவியது புயல். அமைதியான நாட்களில் கடலடியில் மென்மையான களி படிந்தது. அதன் மேற்பரப்பிலும் சற்றுக் கீழேயும் விலங்குகள் தடம் பதித்தன, வளை குடைந்தன. பிறகு ஒரு புயல் வந்து, கரையோரத்து மணலை வாரிக் கொண்டுவந்து, அந்தக் களியின் மேல் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பியது. மணல் வளைகளுக்குள் இறங்கி அவற்றை நிரப்பியது. இரண்டாம் பிரிவின் அடுக்குகளில் இத்தகைய மணல் இழைகள் எண்ணற்றவை. புயல்நீர் களியில் குறுகலாக உழுத சால்களும், அவற்றை நிரப்பிய மணலும்கூட அப்படியே கல்லாகி இருக்கின்றன.

குழிப்பணியாரச் சட்டியில் மாவு ஊற்றுவதை நினைத்துக்கொள்ளலாம். சட்டியில் இருப்பது குழி. வெந்து எடுத்த பணியாரத்தில் அந்தக் குழி புடைப்பாக மாறியிருக்கிறது. இங்கே களிதான் சட்டி, மணல்தான் மாவு. காலப்போக்கில் மணல் இறுகி உறுதியான மணற்கல்லானது. களிக்கல்லோ மென்மையானது என்பதால் மழையிலும் அலையிலும் எளிதில் உதிர்ந்துபோகிறது. சட்டி உதிர்ந்து பணியாரம் மிஞ்சுகிறது. ஆகவே சுவட்டைத் தேடுகிறவர் மணற்கல் பலகையின் மேல்முகத்தைப் பார்ப்பதைவிட அடிமுகத்தைப் பார்க்க வேண்டும். வளைகள் அங்கேதான் கயிறு ஒட்டியதுபோலப் புடைத்துத் தெரியும். உச்சி வெயிலில் மறைந்து, சாய்ந்த மாலை வெயிலில் நிழல் விழும்போது தெளிவாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய கடலடியில் மேலுள்ள சில சென்டிமீட்டர் சேற்றை எண்ணற்ற விலங்குகள் இடைவிடாமல் கிளறிக்கொண்டே இருப்பதால் அது கூழ்போல் இளகியிருக்கும். அதில் நுண்ணிய தடம் பதிந்தாலும் நிற்காது. அன்றைய கடலடியில் அப்படிக் கிளறுவோர் மிகக் குறைவு. சேறு மேற்பரப்புவரை ஓரளவு இறுக்கமாகவே இருந்தது. அதனால் கீறல்களும் வளைவுகளும் சிதையாமல், அச்சு வார்த்ததுபோல் கூர்மையாக எஞ்சின. கிளறும் விலங்குகள் பெருகிய பின்னாள் பாறைகளில் இவ்வளவு தெளிவை எதிர்பார்க்க முடியாது.

பீடம் என்றால் வளைகோல்

எல்லையைக் குறிக்கும் சுவட்டின் பெயர் ட்ரெப்டிக்னஸ் பீடம். நம் தமிழ்ப் பீடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. லத்தீனில் அந்தச் சொல் ஆட்டிடையனின் வளைந்த கோலைக் குறிக்கும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு துண்டுகள், நெற்கதிரில் மணிகள் சாய்ந்து அடுக்கியிருப்பதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வளைந்து செல்லும். அந்த வளைவைப் பார்த்துத்தான் கோலின் பெயரை வைத்தார்கள்.

பெயர் வைத்தவர் முன்பு சொன்ன சைலாகர். 1955-ல் இதை அவர் விவரித்தது நியூஃபவுண்ட்லாந்துக் கற்களைக் கொண்டு அல்ல, பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள உப்பு மலைத்தொடரில் கிடைத்த கற்களைக் கொண்டு. அன்று அவர் கொடுத்த பெயர் ஃபைக்கோடிஸ் பீடம். அந்தக் கடற்பாசிச் சொல் இங்கேயும் நுழைந்திருப்பதைக் கவனிக்கலாம். பின்னர் வந்தவர்கள் வடிவத்தை மறுபடி ஆராய்ந்து ட்ரெப்டிக்னஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நம் துணைக்கண்டத்தின் ஒரு மலையில் பெயர் பெற்ற சுவடு, அட்லாண்டிக் ஓரத்துப் பாறையில் எல்லைக்கல்லாக ஆனது.

அந்த விலங்கு வேலை செய்த விதத்தைச் சுவட்டிலிருந்தே கூட்டிப் பார்க்க முடிகிறது. சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அது கிடையாகக் குடைந்து சென்றது. பிறகு மேல்நோக்கி வளைந்து பரப்பைத் தொட்டது. அங்கே இரை தேடியிருக்க வேண்டும். பிறகு பின்வாங்கி, முந்தைய துண்டின் நடுவிலிருந்தோ அடியிலிருந்தோ புதிதாக ஒரு துண்டைத் தொடங்கியது. துணியில் ஊசி கீழே இறங்கி மேலே வந்து மறுபடி இறங்குவதுபோல இந்தச் செயல் முறை தவறாமல் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. இதற்கு முந்திய அடுக்குகளில் இப்படி ஒரு ஒழுங்கு இல்லை. முன்னும் பின்னும் நகர்ந்து, தன் பழைய பாதையை அறிந்து, அதிலிருந்து கிளை பிரித்து, சேற்றுக்குள் உடலைச் செலுத்தத் தசைவலுவும் தலையும் வாலும் உள்ள உடலமைப்பு வேண்டும். உடல் கிடைக்காவிட்டாலும் உடலைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்கிறோம்.

யார் அந்த விலங்கு? இன்றைய கடல்களில் பிரியாபுலிட் என்ற ஒரு புழுக் கூட்டம் இருக்கிறது. இருபதை ஒட்டிய இனங்களே எஞ்சியுள்ள, பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத கூட்டம் அது. முட்கள் சூழ்ந்த முன்பகுதியை உடலுக்குள் இழுத்தும் வெளியே நீட்டியும் சேற்றில் நங்கூரம் பாய்ச்சுவதுபோல முன்னேறும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இந்தப் புழுக்களைச் சேறு நிரப்பிய தொட்டிகளில் விட்டுப் பார்த்தபோது, அவை குடைந்த பாதைகள் ட்ரெப்டிக்னஸ் பீடத்தை வெகுவாக ஒத்திருந்தன. நாத்தோர்ஸ்ட் காட்டிய வழியேதான் இது, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும். இதனால் பிரியாபுலிட் புழுவே அன்றைய வளையைத் தோண்டியது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதைப் போன்ற உடலும் பழக்கமும் உள்ள ஒன்று தோண்டியிருக்கலாம் என்பதுவரை சொல்லலாம்.

கோட்டுக்குக் கீழும் மேலும்

எல்லைக்குக் கீழுள்ள காலத்துக்கு எடியாக்காரன் என்று பெயர். அன்றைய கடலடியின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் பின்னிய மெல்லிய பாய் ஒன்று மூடியிருந்தது. பாறையில் அது யானைத்தோல்போன்ற சுருக்கங்களாகத் தெரியும். அன்று வாழ்ந்த சிறு விலங்குகள் அந்தப் பாயின் மேலோ அடியோ கிடையாக ஊர்ந்து மேய்ந்தன, ஆழமாகக் குடையவில்லை. அவை விட்ட தடங்கள் எளிய கோடுகள். ஃபார்ச்சூன் ஹெட்டில் எல்லைக்குக் கீழே ஹார்லானியெல்லா என்னும், முறுக்கிய கயிறுபோன்ற புதைபடிவம் கிடைக்கிறது; எல்லையை நெருங்கும்போது அது மறைந்துவிடுகிறது. இதே தீவின் தென்கிழக்கில் மிஸ்டேக்கன் பாயிண்ட் என்ற இடத்தில், சுமார் 56.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நின்ற இலை வடிவ உயிரினங்களின் பதிவுகள் பரப்புப் பரப்பாகக் கிடக்கின்றன. யுனெஸ்கோ 2016-ல் அதை உலக மரபிடமாக ஏற்றது. அந்த உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை ஓர் இடத்தில் ஊன்றி நின்றவை.

எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும் சுவடுகளின் வகை கூடுகிறது. திருகாணிபோலச் சுழன்று கீழிறங்கும் கைரோலைத்தீஸ் வருகிறது. செங்குத்தான குழாயாக ஸ்கோலித்தோஸ் வருகிறது. கடற்சாமந்தி போன்ற ஒன்று அமர்ந்திருந்த கிண்ணப் பள்ளம் பெர்கௌரியா. கால்கள் மண்ணைச் சுரண்டிய இணைகோடுகள் மோனோமார்ஃபிக்னஸ். கால் இருந்திருக்கிறது என்பதற்கான சாட்சி அது. இன்னும் மேலே போனால், கணுக்காலி ஒன்று மண்ணைத் தோண்டிப் படுத்து ஓய்ந்த, காப்பிக்கொட்டைபோன்ற இரட்டை மேடான ருசோஃபைக்கஸ் கிடைக்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கேம்பிரியன் கால விலங்குகளில் பெரும்புகழ் பெற்றவை மூவிதழிகள் என்று தமிழில் சொல்லத்தக்க ட்ரைலோபைட்டுகள். அவற்றின் உடல் ஓடுகள் முதன்முதலாகக் கிடைப்பது சுமார் 52.1 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில்தான். கேம்பிரியனின் தொடக்கமோ இப்போதைய கணக்கில் 53.88 கோடி ஆண்டுகளுக்கு முன். இடைவெளி ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் கணுக்காலிகளின் கால் கீறல்களும் ஓய்வுப் பள்ளங்களும் அந்த ஓடுகளுக்கு வெகுமுன்பே பாறையில் பதிந்துவிட்டன. விலங்குகள் திடீரென்று முளைத்தன என்று தோன்றுவது தம் கொள்கைக்கு ஓர் இடர்ப்பாடு என்று சார்ல்சு டார்வின் 1859-லேயே ஒப்புக்கொண்டிருந்தார். ஓடுகளை மட்டும் பார்த்தால் இன்றும் அந்தத் திடீர்த்தன்மை ஓரளவு தெரியும். சுவடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அது படிப்படியான ஒரு வளர்ச்சியாக நீள்கிறது.

புழுக்கள் குடையத் தொடங்கியதன் விளைவு கடலடிக்கும் பெரிது. துளையிட்ட இடமெல்லாம் நீரும் ஆக்சிஜனும் சேற்றுக்குள் இறங்கின. நுண்ணுயிர்ப் பாய் கிழிந்தது. அதை நம்பி வாழ்ந்தவை இடம் இழந்தன. இதை வயலை முதன்முதலாக உழுததோடு ஒப்பிட்டு உழவுப் புரட்சி என்றே சைலாகரும் அவரோடு எழுதியவரும் 1994-ல் பெயரிட்டார்கள். உவமை அழகானது, ஆனால் வேகத்தைச் சற்று மிகைப்படுத்துகிறது என்பேன். ஃபார்ச்சூன் ஹெட்டில் எல்லைக்கு மேலேயும் மெல்லிய அடுக்குகள் கலையாமல் நிற்கின்றன. வளைகள் அங்கங்கே துளைத்திருக்கின்றனவே தவிர, மண் முழுவதையும் புரட்டிவிடவில்லை. இன்று நாம் காணும் அளவுக்குக் கடலடி கலக்கப்பட மேலும் பல கோடி ஆண்டுகள் ஆயின.

கோடு கிழித்த கதை

கேம்பிரியனின் அடி எல்லையை எங்கே வைப்பது என்று ஆராயும் பன்னாட்டுக் குழு 1972-ல் அமைக்கப்பட்டது. முடிவுக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள மெய்ஷுசுன், சைபீரியாவில் ஆல்டன் ஆற்றங்கரையிலுள்ள உலாகான் சுலுகுர் ஆகிய இடங்கள் போட்டியில் இருந்தன. அங்கெல்லாம் நம்பப்பட்டவை மில்லிமீட்டர் அளவேயான சிறு ஓடுகள். ஓடுகள் அதிகமாகக் கிடைப்பது சுண்ணாம்புக்கல்லில்; மணலும் களியும் படிந்த கடற்பகுதிகளில் அவை அரிது. வெவ்வேறு கண்டங்களின் பாறைகளை அவற்றால் ஒப்பிடுவதும் எளிதாக இல்லை. கை நார்பான், பால் மைரோ, எட் லாண்டிங், மைக்கேல் ஆண்டர்சன் ஆகியோர் 1987-ல் ஃபார்ச்சூன் ஹெட்டை முன்மொழிந்தார்கள். மணலும் களியுமான அடுக்குகள் இடையறாமல் தொடர்வதும், சுவடுகள் வரிசை மாறாமல் ஒன்றுக்குப்பின் ஒன்றாக வருவதும், ட்ரெப்டிக்னஸ் பீடம் உலகின் பல பகுதிகளில் கிடைப்பதும் அவர்கள் பக்கம் இருந்த வலு. 1992-ல் அது ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் சைலாகருக்கு சுவீடனின் கிராஃபோர்டு பரிசு கிடைத்தது தற்செயல் என்றாலும் பொருத்தமாகவே இருக்கிறது.

ஏற்கப்பட்ட பிறகும் சிக்கல்கள் தீரவில்லை. 2001-ல் வெளியான ஆய்வொன்று, அதே பாறையில் எல்லைக்குச் சுமார் 4 மீட்டர் கீழேயே ட்ரெப்டிக்னஸ் பீடம் இருப்பதைக் காட்டியது. முதன்முதலாகத் தோன்றும் இடம் என்று வரையறுத்துக் கோடு கிழித்த பிறகு, அதைவிடப் பழையது அதே சரிவில் கிடைத்தால் என்ன செய்வது? கோட்டை நகர்த்தவில்லை. அறிவிக்கப்பட்ட எல்லை என்பது பாறையிலுள்ள ஓர் இடம்; சுவடு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் மட்டுமே என்ற விளக்கத்தோடு அது நிற்கிறது. அடுத்த குறை, ஆண்டுக் கணக்குக்கு வேண்டிய எரிமலைச் சாம்பல் அடுக்கு எல்லையருகே இல்லாதது. சாம்பலிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறை இங்கே கைகொடுக்காததால், ஓமன், நமீபியா ஆகிய நாடுகளின் பாறைகளில் கிடைத்த வயதை ஒப்பிட்டே இந்த எல்லைக்கு ஆண்டு சொல்கிறார்கள். அந்த எண் 54.2 கோடி என்றிருந்து, 54.1 ஆகி, இப்போது 53.88-ல் வந்து நிற்பதன் காரணம் இதுதான். மூன்றாவது குறை சுவட்டின் இயல்பிலேயே உள்ளது: புழு தன் விருப்பமான சேற்றில்தான் குடையும். ஒரு நாட்டின் பாறையில் ட்ரெப்டிக்னஸ் பீடம் சற்று மேலே தொடங்கினால், அங்கே புழு தாமதமாக வந்ததா, இல்லை அதற்கேற்ற சேறு தாமதமாகப் படிந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எல்லையை வேறு இடத்தில், வேறு அடையாளத்தால் மறுபடி வகுக்க வேண்டும் என்று வாதிடுவோர் இந்தக் காரணங்களையே முன்வைக்கிறார்கள்.

இடம் மாறினாலும் மாறாவிட்டாலும், ஃபார்ச்சூன் ஹெட் சுற்றுச்சூழல் காப்பிடமாகச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டுள்ளது. நடந்து போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம்; சுத்தியல் கொண்டு கல்லை உடைக்கவோ, உதிர்ந்து கிடப்பதை எடுத்துச் செல்லவோ கூடாது. ஆய்வாளர்களும் அனுமதி பெற்றே வேலை செய்ய வேண்டும். ஓடு ஒன்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனால், எடுத்தவர் கையில் ஓர் ஓடாவது இருக்கும். வளை பதிந்த பலகையைப் பெயர்த்துவிட்டால், அதன் எந்த முகம் கீழ்நோக்கி இருந்தது, எல்லைக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே கிடந்தது என்பவை அந்த நொடியே அழிந்துபோகும். கையில் மிஞ்சுவது புடைப்புகள் உள்ள ஒரு கல்.